குளிர் கீழிருந்து வருகிறது

அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கிறது மினசோட்டா மாநிலம். அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது சாதாரணம். உறைந்த ஏரிகளின் மேல் வண்டியே ஓட்டுகிறார்கள். அந்தக் குளிரில், பனி மூடிய காட்டுக்குள் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு துணியைக் கட்டி, அதில் படுத்து விடியும்வரை நன்றாகத் தூங்கி எழுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாரம் கிடையாது, கணப்பும் கிடையாது.

ஹேமக் எனும் இந்தத் தொங்குபடுக்கை வெயில் நாட்டுப் பொருள். கரீபியத் தீவுகளின் பழங்குடிகள் அதில் உறங்குவதை 1492இல் கொலம்பஸ் பார்த்தார். ஈரத்தரைக்கும் பூச்சிகளுக்கும் எட்டாத உயரத்தில் படுக்கலாம். அடியில் காற்று ஓடி உடம்பைக் குளிர்விக்கும். அங்கே வரமாக இருந்த அதே காற்றோட்டம்தான் பனிக்காட்டில் முதல் எதிரி.

புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் மேலேதான் போர்த்துகிறார்கள். விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக், கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி காலுறை. நள்ளிரவு தாண்டியதும் முதுகும் புட்டமும் விறைத்து விழிப்பு வந்துவிடும். மார்பில் வியர்வை, முதுகில் நடுக்கம்.

காரணம் எளிது. போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. உறங்கும் மனித உடம்பு ஏறத்தாழ 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. அந்த வெப்பம் ஓடிவிடாமல் தடுப்பது, போர்வைக்குள் அசையாமல் நிற்கும் காற்று. தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். வாத்தின் மென்தூவிக்கு அவ்வளவு விலை இருப்பதும் இதனால்தான். உயர்தரத் தூவி 28 கிராம் இருந்தால் போதும், உப்பி 13 லிட்டர் இடத்தை நிரப்பும். அத்தனையும் சிறைப்பட்ட காற்று.

தூவி அடைத்த ஸ்லீப்பிங் பேக்கில் ஆள் படுத்ததும் கதை மாறுகிறது. உடம்பின் எடையில் தூவி நசுங்கி, காற்று வெளியேறி, முதுகுக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே மெல்லிய துணிகள் மட்டும் மிஞ்சும். தரையில் படுப்பவருக்கு அடியில் ஒரு நுரைப்பாய் இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை அளவைக்கூட ஐரோப்பியத் தரமுறைப்படி, பாயின் மேல் கிடத்திய சூடேற்றிய பொம்மையைக் கொண்டே கணிக்கிறார்கள். ஹேமக்கில் பாய் இல்லாமல் அந்த எண்ணை நம்பிப் படுப்பது ஆபத்து.

அனுபவசாலிகள் கண்ட வழி எனக்குப் பெரிதும் பிடித்தது. தூவி அடைத்த இன்னொரு போர்வையை ஹேமக்கின் வெளிப்பக்கம், அடியில் தொங்கவிடுகிறார்கள். இதை அண்டர்குவில்ட் என்கிறார்கள். ஆளின் எடையை ஹேமக் துணி தாங்கிக்கொள்வதால் அடிப்போர்வை நசுங்குவதில்லை. ஆனால் கட்டுவதில் பக்குவம் வேண்டும். தளர்ந்து தொங்கினால் இடைவெளியில் குளிர்காற்று புகுந்து ஓடும். இறுக்கிக் கட்டினால் பழையபடி நசுங்கும். முதுகை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். கடையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இந்தக் கட்டு தவறினால் தூக்கம் இல்லை.

மேலே கட்டும் தார்ப்பாய்க்கு மழையையும் பனியையும் தடுப்பது மட்டுமா வேலை? காற்று வீசினால் போர்வைக்குள் நின்ற சூடு கலைந்துபோகும். அந்தக் காற்றையும் தார்ப்பாய் தடுக்கிறது. மேகமற்ற இரவில் வெட்டவெளியில் கிடக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் அதையும் மறிக்கிறது. இடத்தேர்வும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடைக்கரையைவிடச் சரிவில் கொஞ்சம் மேலே கட்டுவது நல்லது. கட்டுமுன் தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பனிச்சுமையில் அது முறிந்து விழலாம்.

கயிற்றின் சரிவுக்கும் கணக்கு உண்டு. கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் கட்டினால் ஒவ்வொரு பக்கக் கயிறும் படுப்பவரின் எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று 10 டிகிரியில் விறைப்பாகக் கட்டினால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். மரப்பட்டை காயப்படாமலிருக்க அகலமான பட்டைநாடாவைச் சுற்றிக் கட்டுவார்கள்.

ஈரம் இன்னொரு சங்கடம். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் இரவெல்லாம் உடம்பிலிருந்து நீராவி போய்க்கொண்டிருக்கும். குளிருக்குப் பயந்து போர்வைக்குள் முகத்தைப் புதைத்தால், அந்த ஆவி தூவியில் படிந்து நனைக்கும், கடுங்குளிரில் உறைந்தும்விடும். நனைந்த தூவி உப்பாது. மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும், எவ்வளவு குளிர்ந்தாலும்.

படுக்குமுன் ஒரு லிட்டர் வெந்நீரைப் புட்டியில் அடைத்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வது பலரின் வழக்கம். 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது அது தரும் வெப்பத்தை எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் சுமார் 7 வாட் வரும். உடம்பின் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு! மது இதற்கு நேரெதிர். தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, சூடாக இருப்பதுபோல் உணரவைத்து, உள்வெப்பத்தை வெளியேற்றும். உடம்பின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பேச்சு குழறினாலோ, குளிரில் இருந்தபடியே நடுக்கம் நின்றுபோனாலோ அது உடனே உதவி தேட வேண்டிய நேரம்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் தொங்க வேண்டும்? ஆட்டம் தூக்கத்தை ஆழமாக்குகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் கட்டிலில் 18 இளைஞர்களை இரவு முழுக்கத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்த உறக்கத்தில் கூடுதல் நேரம் இருந்தார்கள். தூளியில் பிள்ளையை ஆட்டித் தூங்கவைக்கும் நம் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஜனவரியில் உறைபனி படியும் உதகையிலோ கொடைக்கானலிலோ இதை முயல நினைப்பவர்கள், முதல் இரவை வீட்டுத் தோட்டத்தில் கழியுங்கள். குளிர் தாங்காவிட்டால் எழுந்து உள்ளே போய்விடலாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம். ஹேமக்கே வேண்டாம், மார்கழியில் மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டிலில் படுப்பவரா நீங்கள்? இரண்டாவது போர்வையை மேலே இழுப்பதற்கு முன், முதுகுக்கு அடியில் ஒரு நுரைப்பாயை விரித்துப் பாருங்கள்.