தங்க மலையின் படம்

சுவாமிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே மலை இல்லை! 60 படி ஏறி முருகனைத் தரிசிக்கிறோமே, அது கட்டுமலை. சுற்றிலும் வயல்தான்.

நாட்டை அளந்து படம் போட வந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சமவெளி பெரிய தொல்லை. உயரத்தில் நின்றால்தானே தூரத்தைப் பார்த்து அளக்கலாம்? ஆகவே கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, சுமார் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியைத் தஞ்சையில் ஒரு கோபுரத்தின்மேல் ஏற்றினார். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அசரவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைச் சீர்செய்து, மறுபடியும் அளக்கக் கிளம்பிவிட்டார்!

அவர் தொடங்கிய அளவை வேலை பின்னால் மலைநாடுகளுக்கும் பரவியது.

நெல் அம்பாரம்

மலையைத் தாளில் எப்படிக் காட்டுவது? களத்தில் குவித்த நெல் அம்பாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முழ உயரத்திலும் அதைச் சுற்றி ஒரு கயிறு போடுங்கள். மேலேயிருந்து பார்த்தால் வளையத்துக்குள் வளையம் தெரியும். அதுதான் சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால் ஏறுவது சுலபம்.

நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கத்துப் படத்தில் கோடுகள் நெருக்கமாக நெளிகின்றன. அங்கே ஓடை மணலை மரத்தட்டில் அரித்துக் குறும்பர்கள் பொன் எடுத்து வந்தார்கள். 1879-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் வந்தார். மறு ஆண்டு அவருடைய அறிக்கை வெளிவந்தது. லண்டனில் ஒரே பரபரப்பு! 30-க்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி நிலம் விற்றவர்கள் கைக்குப் போயிற்று. பாறையை இடித்துப் பார்த்தால் கிடைத்த பொன் கூலிக்கும் காணவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கியது. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன.

ஆனால் குழிகள் இருக்கின்றன. மேலே புதர் மூடியிருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலர் குடியேறிய தேயிலை நாடு அது. பொன் ஆசையால் பழைய குழிகளில் இறங்கி மாண்டவர்களும் உண்டு.

இன்றைய சர்க்கார் படத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. ஆளை விழுங்கும் குழியின் வாய் அதில் ஊசிமுனை அளவுகூட இராது. அதைக் கண்டுபிடிக்க, சுரங்கத்தைப் பெரிய அளவில் வரைந்த அந்தக் காலத்துப் படம் வேண்டும். வரைந்த கம்பெனிகளோ கலைந்து 100 ஆண்டுக்கு மேலாகிறது.