வரிசையில் நிற்கும் செய்திகள்

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் மாலை நேரத்தில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். சாலை பழுதுபட்டிராது; காவலரும் தம் பணியைச் செய்துகொண்டிருப்பார். ஆயினும் வண்டிகள் நகரா. சந்திப்பு தாங்கும் அளவைவிட மிகுதியான வண்டிகள் ஒரே நேரத்தில் நுழைவதே இதற்குக் காரணம்.

கணினி வலையமைப்பிலும் இத்தகைய சந்திப்புகள் உண்டு. அங்கு நின்று வழிகாட்டுவது திசைவி. இதனை ரவுட்டர் என்றும் வழங்குவர். இன்று வீடுகளில் அது சிறு பெட்டியாக உள்ளது; தொடக்கக் காலத்தில் கணினிகளே திசைவிகளாகப் பணியாற்றின. நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. திசைவி ஒவ்வொன்றின் முகவரியையும் பார்த்து உரிய வழியில் அனுப்புகிறது. பொட்டலங்கள் மிகுந்தால் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்துகிறது. வரிசையும் நிரம்பினால், அடுத்து வருவனவற்றைக் கைவிடுகிறது.

1986ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் ஓர் ஆய்வகத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே இருந்த இணைப்பு மிகவும் மெதுவானது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 365 மீட்டர்தான். நொடிக்கு 32,000 பிட்டுகள் சென்ற வழியில் 40 பிட்டுகளே சென்றன. அதாவது, நொடிக்கு 4,000 ஆங்கில எழுத்துகள் சென்ற இடத்தில் ஐந்தே எழுத்துகள் சென்றன! இரண்டு பக்கக் கடிதத்தை நடந்து சென்று கொடுப்பது அதைவிட விரைவாக முடிந்திருக்கும்.

வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்னும் இருவர் காரணத்தை ஆராய்ந்தனர். குறை, அனுப்பும் கணினிகளின் போக்கிலும் இருந்தது. பொட்டலம் சேர்ந்ததற்கான மறுமொழி வரத் தாமதமானால், அவை அதே பொட்டலத்தை மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசல் மேலும் பெருகியது. எனவே இருவரும் புதிய முறையை வகுத்து, 1988இல் வெளியிட்டனர். அதன்படி, கணினி முதலில் சிறிதளவே அனுப்ப வேண்டும். மறுமொழி வர வர அளவைக் கூட்டலாம். பொட்டலம் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1986இல் இந்தியாவில் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கியது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சென்னையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்கேற்றன. இன்று பெங்களூரிலிருந்து மதுரையிலுள்ள பாட்டிக்குப் பேத்தி அனுப்பும் படமும் பெரும்பாலும் இம்முறையின் வழிவந்த விதிகளின்படியே செல்கிறது.

திசைவி மெதுவானால் உடனே அதனைப் பழித்தல் தகாது. கம்பி தளர்ந்துள்ளதா, கருவி தாங்கும் அளவைவிட வேலை மிகுந்துள்ளதா, வரிசை நிரம்பி வழிகிறதா என ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். நெரிசலே காரணமானால், ஒவ்வொருவரும் சற்றுப் பொறுப்பதே எல்லாரும் விரைந்து செல்லும் வழியாகும்.

சொற்பொருள்
திசைவி – வழிகாட்டி அனுப்பும் கருவி
நெரிசல் – அளவுக்கு மிஞ்சிய கூட்டம்
மறுமொழி – பதில்
பழித்தல் – குறை கூறுதல்

வினாக்கள்
1. வரிசை நிரம்பினால் திசைவி என்ன செய்கிறது?
2. பெர்க்கிலியில் நெரிசல் பெருகியது ஏன்?
3. சாலைச் சந்திப்பையும் திசைவியையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.