நரேன் கார்த்திகேயன்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: சனவரி 14, 1977) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த கார்ப்பந்தய ஓட்டுநர். முழுப்பெயர் குமார் ராம் நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் இவரே. 2005-ஆம் ஆண்டில் ஜோர்டான் அணிக்காகவும், 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் எச்ஆர்டி அணிக்காகவும் ஓட்டினார். 48 கிராண்ட் பிரீ பந்தயங்களுக்குப் பதிவாகி, அவற்றுள் 46-இல் களமிறங்கி, மொத்தம் 5 புள்ளிகள் பெற்றார். 2010-ஆம் ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

46 பந்தயங்களுக்கு 5 புள்ளிகள் என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் கார்ப்பந்தயத்தில் ஓட்டுநரின் திறமையோடு காரின் தரமும், அந்தக் காரில் அமர்வதற்கான பணமும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. நரேனின் பந்தய வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

குடும்பமும் தொடக்கமும்

நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி வாகையர். ராலி என்பது மூடிய தடத்தில் அல்லாமல் பொதுச் சாலைகளிலும் மண் பாதைகளிலும் கட்டம் கட்டமாக நடைபெறும் போட்டி. தந்தை தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர் என்பதால், மகனுக்குக் கார்ப்பந்தயம் சிறு வயதிலேயே அறிமுகமானது. நரேன் கோவை ஸ்டேன்ஸ் பள்ளியில் படித்தவர்.

அக்காலத்தில் இந்தியக் கார்ப்பந்தயத்துக்குத் தமிழ்நாடே தலைமையிடமாக இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் ஒன்றை அமைத்தது. கோவையில் எஸ். கரிவரதன் உள்நாட்டிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். மாருதி காரின் இயந்திரத்தைப் பொருத்தி அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்களே 'பார்முலா மாருதி' எனப்பட்டன. வெளிநாட்டுக் கார் வாங்க இயலாத இளைஞர்களும் பந்தயத்தில் இறங்க இவை வழி செய்தன. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரால் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அழைக்கப்படுகிறது.

நரேனின் முதல் பந்தயமும் திருப்பெரும்புதூர்த் தடத்தில், பார்முலா மாருதி காரில்தான் நடந்தது. அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்.

ஐரோப்பாவும் ஆசியாவும்

பார்முலா ஒன் என்பது ஒரு படிக்கட்டின் உச்சி. ஐரோப்பியச் சிறுவர்கள் ஏழெட்டு வயதில் கார்ட் எனப்படும் சிறு வண்டியில் தொடங்கி, பார்முலா போர்டு, பார்முலா 3 என ஒவ்வொரு படியாக ஏறுவது வழக்கம். இந்தியாவில் அன்று முதல் படி மட்டுமே இருந்தது. அடுத்த படிக்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

1992-இல், 15 வயதில், நரேன் பிரான்சில் உள்ள வின்பீல்டு பந்தயப் பள்ளியில் சேர்ந்தார். நான்கு முறை உலக வாகையரான அலன் புரோஸ்ட் பயின்ற பள்ளி அது. அங்கு நடந்த தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். 1994-இல் பிரித்தானிய பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பந்தயத் தொடர் ஒன்றை வென்ற முதல் இந்தியரானார். 1996-இல் பார்முலா ஆசியா தொடரின் வாகையரானார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியரும் இவரே.

1998 முதல் 2000 வரை பிரித்தானிய பார்முலா 3 தொடரில் ஓட்டினார். அன்று பார்முலா ஒன் அணிகள் புதியவர்களைத் தேடிய முக்கிய இடம் இதுவே. முதல் ஆண்டில் 12-ஆம் இடம், அடுத்த ஆண்டில் 6-ஆம் இடம், மூன்றாம் ஆண்டில் 4-ஆம் இடம் என ஆண்டுதோறும் முன்னேறினார். 1999-இல் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இருமுறை வென்றார்.

பார்முலா ஒன் வாயிலில்

2001, சூன் 14 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனைக்காக ஓட்டினார். பார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் அன்றே கிடைத்தது. அதே ஆண்டில் ஜோர்டான் அணியும் அவரைச் சோதித்துப் பார்த்தது. ஆனாலும் பந்தய இருக்கை கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

சிறிய அணிகளுக்குப் பெரிய கார் நிறுவனங்களின் ஆதரவு கிடையாது. ஆண்டுச் செலவின் ஒரு பகுதியை ஓட்டுநரே தம் விளம்பரதாரர்கள் வழியாகக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கு எழுதப்படாத விதி. 2003-இல் நிசான் உலகத் தொடரில் இரண்டு பந்தயங்களை வென்று 4-ஆம் இடம் பெற்ற நரேனை, மினார்டி அணி 2004-ஆம் ஆண்டுக்கு அழைத்தது. கேட்ட தொகையைத் திரட்ட முடியாததால் அந்த வாய்ப்பு கைநழுவியது. அவர் மீண்டும் நிசான் தொடருக்கே திரும்பினார். அடுத்த ஆண்டில் டாட்டா குழுமம் முதலிய இந்திய நிறுவனங்களின் ஆதரவோடு ஜோர்டான் அணியில் இடம் பெற்றார். ஒப்பந்தச் செய்தி 2005, பிப்ரவரி 1 அன்று வெளியானது.

பணம் கொண்டுவந்து இருக்கை பெறுவதைச் சிலர் இழிவாகப் பேசுவதுண்டு. ஆனால் மூன்று முறை உலக வாகையரான ஆஸ்திரியாவின் நிக்கி லாடாவும் தொடக்கத்தில் குடும்பத்தார் எதிர்த்த நிலையில் வங்கியில் கடன் வாங்கி, அப்பணத்தைக் கொடுத்தே அணியில் இடம் பெற்றார். பணம் வாயிலைத் திறக்கும். அதன்பின் நிலைத்து நிற்கத் திறமையும், அதைக் காட்டுவதற்கு ஏற்ற காரும் வேண்டும்.

2005: ஜோர்டான் அணியில் ஓராண்டு

2005, மார்ச் 6 அன்று மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயே நரேனின் முதல் பார்முலா ஒன் பந்தயம். தகுதிச் சுற்றில், அதாவது தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் சுற்றில், 12-ஆம் இடம் பெற்றார். பந்தயத்தில் முதலிடம் பெற்றவரைவிட இரண்டு சுற்றுகள் பின்தங்கி 15-ஆவதாக முடித்தார். தொடக்க வரிசையில் இருந்ததைவிடப் பந்தயத்தில் பின்தங்கியது காரின் நிலையைக் காட்டியது. ஜோர்டான் அணி அப்போதுதான் கைமாறியிருந்தது. களத்தில் இருந்த மெதுவான கார்களுள் அதுவும் ஒன்று.

சூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நடந்த பந்தயம் பார்முலா ஒன் வரலாற்றிலேயே விந்தையானது. அந்தத் தடத்தின் கடைசி வளைவு சாய்தளமாக அமைந்தது. கார் மிகுந்த வேகத்தில் அதில் திரும்பும்போது டயர்மீது பெரும் அழுத்தம் விழும். பயிற்சியின்போது மிச்செலின் டயர் பொருத்திய கார் ஒன்று அங்கு விபத்துக்குள்ளானது. தன் டயர்கள் முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதி கூற இயலாது என மிச்செலின் நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர்த் தொகுதியையே பயன்படுத்த வேண்டும் என்பதால் இடையில் மாற்றவும் வழியில்லை. மிச்செலின் டயர் பயன்படுத்திய 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் பந்தயத்தில் இருந்து விலகின.

பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பொருத்திய ஆறு கார்களே மிஞ்சின. பெராரி அணியின் மைக்கேல் சூமாக்கரும் பாரிக்கெல்லோவும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தனர். நரேனின் சக ஓட்டுநர் தியாகோ மொந்தெய்ரோ மூன்றாவதாகவும், நரேன் நான்காவதாகவும் வந்தனர். நான்காம் இடத்துக்கு 5 புள்ளிகள். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் இவை. அவ்வாண்டுப் பட்டியலில் நரேன் 18-ஆம் இடம் பெற்றார்.

அன்று ஆறாவதாக வந்தவர் மினார்டி அணியின் பாட்ரிக் பிரீசாகர் என்ற ஆஸ்திரியர். நரேனைப் போலவே இவரும் அவ்வாண்டு மெல்பர்னில்தான் அறிமுகமானார். இண்டியானாபொலிசில் இவருக்கு 3 புள்ளிகள் கிடைத்தன. ஆனால் அதன்பின் இரண்டு பந்தயங்களே ஓட்டினார். விளம்பரதாரர் தரவேண்டிய தொகை வராததால் இருக்கை வேறொருவருக்குப் போனது. 11 பந்தயங்களுடன் இவரது பார்முலா ஒன் வாழ்க்கை முடிந்தது. லாடா, ரிண்ட் ஆகிய உலக வாகையர்களை உருவாக்கிய நாட்டில் பிறந்தவருக்கே இந்த நிலை என்றால், முன்னோடி எவரும் இல்லாத நாட்டிலிருந்து சென்ற நரேன் ஆண்டு முழுவதும் 19 பந்தயங்களிலும் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது சிறிய செய்தியல்ல. அக்டோபரில் சப்பானின் சுசுகா தடத்தில் நடந்த தகுதிச் சுற்றில் 11-ஆம் இடமும் பெற்றார்.

இடைக்காலம்

2006, 2007 ஆகிய ஆண்டுகளில் நரேன் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். பந்தயமில்லாத நாட்களில் காரை ஓட்டி, மாற்றங்களின் பயனைப் பொறியாளர்களுக்குச் சொல்வதே இப்பணி. நாடுகளுக்கிடையே நடந்த ஏ1 கிராண்ட் பிரீ தொடரில் இந்திய அணிக்கு ஓட்டி, 2007, திசம்பரில் சீனாவின் சூகாய் நகரில் வென்றார். அத்தொடரில் இந்தியா பெற்ற முதல் வெற்றி இது. எல்லா அணிகளும் ஒரேவகைக் காரைப் பயன்படுத்திய தொடர் அது என்பது இங்குக் கருதத்தக்கது.

2009-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தேர்வாகியும், தொடங்கும் முன் தோள்பட்டை இடம்பெயர்ந்ததால் ஓட்ட இயலவில்லை. 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் தொடரில் பங்கேற்று, நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

எச்ஆர்டி அணியும் இந்திய கிராண்ட் பிரீயும்

2011-இல் எசுப்பானியாவின் எச்ஆர்டி அணி வழியாக நரேன் பார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். 2010 முதல் 2012 வரை களத்தில் இருந்த அந்த அணி ஒரு புள்ளிகூடப் பெற்றதில்லை. 107 விழுக்காடு விதியைத் தாண்டுவதே அதற்குச் சவாலாக இருந்தது. முதல் தகுதிச் சுற்றில் மிக வேகமானவர் 100 நொடி எடுத்தால், மற்றவர்கள் 107 நொடிக்குள் முடிக்க வேண்டும் என்பதே அவ்விதி. 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் நரேன் களமிறங்க முடியாமல் போனது இதனால்தான். அணியின் இரண்டு கார்களும் அம்முறைகளில் தகுதி பெறவில்லை.

2011-ஆம் ஆண்டின் நடுவில் இருக்கை மீண்டும் கைமாறியது. ஆஸ்திரிய நிறுவனமான ரெட் புல் வளர்த்தெடுத்த டேனியல் ரிக்கியார்டோ அந்த இடத்துக்கு வந்தார். அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது நரேன் மீண்டும் அழைக்கப்பட்டார். தாய்நாட்டில் 17-ஆவதாக முடித்தார். அதே அணியின் மற்றொரு காரில் ஓட்டிய ரிக்கியார்டோ அவருக்குப் பின் 18-ஆவதாக வந்தார். பின்னாளில் பல கிராண்ட் பிரீ பந்தயங்களை வென்றவர் ரிக்கியார்டோ. ஓட்டுநரை மதிப்பிட ஒரே காரை ஓட்டும் சக ஓட்டுநரோடு ஒப்பிடுவதே கார்ப்பந்தயத்தில் சரியான அளவுகோலாகக் கருதப்படுகிறது.

2012-இல் முழு ஆண்டும் எச்ஆர்டி அணியில் இருந்தார். மொனாக்கோவில் பெற்ற 15-ஆம் இடமே அவ்வாண்டில் இவரது சிறந்த முடிவு. ஆண்டு இறுதியில் அணி மூடப்பட்டது.

பிற்காலப் பந்தயங்கள்

2013-இல் ஆட்டோ ஜிபி தொடரில் ஐந்து பந்தயங்களை வென்றார். 2014 முதல் 2018 வரை சப்பானின் சூப்பர் பார்முலா தொடரில் ஓட்டினார். 2019-இல் அந்நாட்டின் சூப்பர் ஜிடி தொடருக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில் சப்பானிய அணிகளும் செருமனியின் டிடிஎம் அணிகளும் புஜி தடத்தில் மோதிய சிறப்புப் போட்டியின் இரண்டாம் பந்தயத்தில் ஹோண்டா காரில் வெற்றி பெற்றார். அப்போது இவருக்கு வயது 42.

இந்தியக் கார்ப்பந்தயத்தில் தாக்கம்

நரேனுக்குப் பின் பார்முலா ஒன்னில் ஓட்டிய இந்தியர் ஒருவரே. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் 11 பந்தயங்களில் பங்கேற்றார். இந்திய உரிமத்தில் 2008 முதல் 2018 வரை இயங்கிய போர்சு இந்தியா அணி, பந்தயங்களில் இந்திய ஓட்டுநர் எவரையும் களமிறக்கவில்லை. இந்திய கிராண்ட் பிரீயும் 2013-உடன் நின்றுபோனது. ஜெஹான் தாருவாலா, குஷ் மைனி ஆகியோர் பார்முலா 2 வரை ஏறிப் பந்தயங்களை வென்றுள்ளனர். எனினும் 2025 வரை மூன்றாவது இந்தியர் பார்முலா ஒன் தொடக்க வரிசையில் நிற்கவில்லை.

திறமையுள்ள சிறுவர்களை ஏழெட்டு வயதில் கண்டறியும் பயிற்சியும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்கும் நிதியுமே இங்குள்ள குறை. இவற்றுள் முதலாவதை ஈடுசெய்ய, கோவையில் நரேன் தம் பெயரில் பந்தயப் பயிற்சிக் கழகம் நடத்திவருகிறார். தொடக்கநிலை மாணவர்கள் அங்கு கார்ட் வண்டியிலிருந்து பழகுகின்றனர். அவர் 15 வயதில் பிரான்சு வரை சென்று தேடிய அடிப்படைப் பயிற்சி இன்று அவர் ஊரிலேயே கிடைக்கிறது. இரண்டாவது தேவையான நிதிக்கு, அவர் காலத்தைப் போலவே இன்றும் ஒவ்வோர் ஓட்டுநரும் விளம்பரதாரர்களைத் தேடியே அலைய வேண்டியுள்ளது.