வயிற்றுப்புண்ணுக்கு மூலிகைகள்: எதுவரை நம்பலாம்?

கல்கிசைக் கடற்கரையிலும் வெள்ளவத்தை மரைன் டிரைவிலும் அதிகாலையில் நடைப்பயிற்சிக்குச் செல்வோர் இலைக்கஞ்சியை நன்கு அறிவர். வல்லாரை அல்லது சாத்தாவாரி இலையின் சாற்றைச் சிவப்பரிசியுடனும் தேங்காய்ப்பாலுடனும் காய்ச்சி, கருப்பட்டித் துண்டொன்றுடன் தரும் அக்கஞ்சியைக் குடிப்போரிடம் காரணம் கேட்டால், “காஸ்ட்ரைட்டிஸுக்கு நல்லது” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். நெஞ்செரிவு, வாயு, புளியேப்பம், உண்மையான குடற்புண் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே சொல்லால் அழைப்பது நம் மத்தியில் வழக்கமாகிவிட்டது. குழப்பம் அங்கேதான் ஆரம்பமாகின்றது.

இரைப்பையின் உட்சுவரிலோ அதையடுத்த முன்சிறுகுடலிலோ ஏற்படும் ஆழமான புண்ணையே மருத்துவர்கள் பெப்டிக் அல்சர் என்பர். உணவைச் சமிபாடடையச் செய்யும் ஐதரோக்குளோரிக் அமிலம் வயிற்றையே அரித்துவிடாதபடி அதன் சுவரைச் சளிப்படலம் ஒன்று காத்து நிற்கின்றது. அப்படலம் பலவீனமடையும் இடத்தில் புண் உண்டாகின்றது. சித்த மருத்துவர்கள் வயிற்றின் இத்தகைய உபாதைகளைக் குன்மம் என்ற பெயரில் எட்டு வகைகளாகப் பிரித்தனர். ஆயுர்வேத நூல்களோ அம்லபித்தம் என்றும், உணவு சமிபாடடையும் வேளையில் வலி எழுவதைப் பரிணாம சூலை என்றும் குறிப்பிட்டன. ஆனால் புண் ஏன் வருகின்றது என்ற கேள்விக்கு, அண்மைக்காலம் வரை மேலை மருத்துவமும் கவலை, மிளகாய், அமிலம் என்றே பதில் கூறி வந்தது.

அந்தப் பதிலை மாற்றியவர்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த இருவர். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது ஆய்வுகூடத்தில் வழமையைவிடக் கூடுதல் நாட்கள் விடப்பட்ட தட்டுகளில், வயிற்றில் வாழும் ஒரு பற்றீரியா வளர்ந்திருக்கக் காணப்பட்டது. அதுவே ஹெலிகோபக்டர் பைலோரி. அதை நம்ப மறுத்தோருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக 1984இல் பரி மார்ஷல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமியை அடுத்துப் புண்ணுக்குப் பிரதான காரணமாக இருப்பவை அஸ்பிரின், டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள். மிளகாய் எரிச்சலைக் கூட்டலாமேயன்றி, புண்ணுக்கு மூலகாரணமாகாது.

இனி மூலிகைகளுக்கு வருவோம். இவற்றுள் நீண்ட வரலாறு அதிமதுரத்துக்கே உண்டு. புறக்கோட்டையின் நாட்டு மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இவ்வேரின் சாற்றை வயிற்றுப்புண் நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டதாக 1946இல் ரெவர்ஸ் என்ற நெதர்லாந்து மருத்துவர் எழுதினார். ஆனால் அதைக் குடித்தவர்களில் ஒரு சாராருக்கு உடலில் வீக்கம் ஏற்பட்டதையும் அவர் கவனித்தார். அவ்வேரிலுள்ள சத்திலிருந்து ஆக்கப்பட்ட கார்பெனொக்சலோன் என்ற மருந்து 1960களில் பிரித்தானியாவில் பாவனைக்கு வந்தது. சளிப்படலத்தை வலுப்படுத்திப் புண்ணை ஆற்றிய முதல் மருந்துகளில் அதுவும் ஒன்று. எனினும் அதே வீக்கம் இங்கும் தொடர்ந்தது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. 1976இல் சிமெற்றிடின் வந்ததன் பின்னர் கார்பெனொக்சலோன் படிப்படியாக மறைந்துபோனது. அதிமதுரம் வேலை செய்யாத மூலிகை என்று எவரும் கூறிவிட முடியாது; வேலை செய்வதாலேயே அதற்குப் பக்கவிளைவும் உண்டு. பிரஷர் மாத்திரை எடுப்போரும் இருதய, சிறுநீரக நோயாளரும் கர்ப்பிணிகளும் அதை நாள்தோறும் கசாயமாகக் குடிப்பது ஆபத்தானது. “மூலிகைதானே, கெடுதி இல்லை” என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் நமக்குத் தேவையில்லை.

வாழைக்காயின் கதை அவ்வளவு சிக்கலற்றது. பிரித்தானிய ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அஸ்பிரின் கொடுத்துப் புண்ணாக்கப்பட்ட எலிகளின் வயிற்றை வாழைக்காய் மா பாதுகாத்தது. பழுத்த வாழைப்பழத்துக்கு அந்தக் குணம் இருக்கவில்லை. சளிப்படலம் தடிப்பதே இதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. நம் சமையலறையில் சாம்பல் வாழைக்காய்க் கறிக்குப் பஞ்சமில்லை. எனினும் எலியில் கண்ட பலன் மனிதரிடமும் அவ்வாறே கிடைக்குமென்று கூற அவ்வாய்வு போதாது. வல்லாரைக்கும் நிலைமை இதுவே. 2000ஆம் ஆண்டில் ஹொங்கொங் ஆய்வாளர்கள் மதுசாரத்தால் புண்ணான எலிகளின் இரைப்பையில் அதன் சாறு சேதத்தைக் குறைத்ததாகக் கண்டனர். 2006இல் மணத்தக்காளிப் பழத்தைப் பற்றிச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்வும் எலிகளில் செய்யப்பட்டதே. மணத்தக்காளியின் பச்சைக்காயில் நச்சுத்தன்மை கூடுதலாக இருப்பதால் அதைப் பச்சையாக உண்ணலாகாது என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும்.

மனிதரிடம் சோதிக்கப்பட்டவற்றுள் கோவாச் சாறு குறிப்பிடத்தக்கது. 1949இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கார்னெற் சீனி என்ற மருத்துவர் 13 நோயாளருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் புதிய கோவாச் சாறு கொடுத்தார். முன்சிறுகுடற் புண்கள் சராசரியாகப் பத்து நாட்களளவில் ஆறியதை எக்ஸ்றே படங்களில் கண்டதாக அவர் எழுதினார். பலனளித்த சத்துக்கு ‘விற்றமின் யூ’ என்று அவர் பெயர் சூட்டினாலும், அது விற்றமின்களின் பட்டியலில் இடம்பெறவில்லை. சாறு குடிக்காத நோயாளரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தால் அந்த ஆய்வின் பெறுமதி கூடியிருக்கும்.

கிருமியை மூலிகை அழிக்குமா என்பதே இன்று முக்கியமான கேள்வி. கோவாவின் இனமான புரொக்கொலி முளையிலுள்ள சத்து ஆய்வுகூடத்தில் ஹெலிகோபக்டரைக் கொல்வது 2002இல் காட்டப்பட்டது. 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், கிருமி தொற்றிய 48 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வாரங்கள் நாள்தோறும் 70 கிராம் முளையை உண்டனர். கிருமியின் அளவு குறைந்தது. உண்பதை நிறுத்திய இரு மாதங்களில் மீண்டும் பழைய நிலைக்கே வந்தது. தேன், கருஞ்சீரகம், மஞ்சள் பற்றியும் நம்பிக்கை தரும் செய்திகள் வந்தபோதிலும், இரண்டு வாரமளவு எடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி, அமிலத்தடுப்பு மாத்திரைகளுக்கு ஈடாக இவற்றில் எதுவும் நிற்கவில்லை. கஞ்சி வலியைத் தணிக்கலாம். கிருமியோ உள்ளேயே இருக்கும்.

வலிநிவாரணியால் வந்த புண்ணுக்கும் இது பொருந்தும். 2006இலும் 2024, 2025இலும் சிக்குன்குன்யா பரவியபோது மூட்டுவலி தாங்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியோர் பலர். காலையில் வல்லாரைக் கஞ்சியும் இரவில் டைக்ளோஃபெனக்கும் எடுப்பவருக்குப் புண் எப்படி ஆறும்? மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயர் தெரியாத சூரணங்களில் ஸ்ரீரொய்ட்டும் வலிநிவாரணியும் இரகசியமாகக் கலக்கப்பட்டமை பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நாட்டு வைத்தியத்தை நாடுவோர், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியரிடம் செல்வதே பாதுகாப்பானது.

ரமழான் காலத்தில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைகின்றது. புண் உள்ளவர் நோன்பு நோற்கலாமா என்பதை அவரைப் பரிசோதித்த வைத்தியரே கூற வேண்டும். ஆறிய புண்ணுள்ளோர் பலர், ஸஹரிலும் இரவிலும் மருந்தெடுத்து நோன்பைப் பூர்த்தி செய்கின்றனர். இரத்தக் கசிவோ ஆறாத புண்ணோ உள்ளவருக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. குணமடைந்த பின் கழாச் செய்யலாம். நோன்பு திறந்ததும் அருந்தும் அரிசிக் கஞ்சி இதமானது. அடுத்து வரும் பொரியல்களே நெஞ்செரிவுக்கு வழிவகுக்கின்றன.

தார் போன்று கறுத்த மலம், கோப்பித்தூள் நிற வாந்தி, திடீரெனக் கத்தியால் குத்துவது போன்ற வலி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் கசாயம் காய்ச்ச நேரமில்லை. கல்கிசை, தெஹிவளை மக்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை அருகிலேயே உள்ளது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம் என்பதால், எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் சிரமம் ஆகியனவும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகளே.

கிருமி உண்டா என்பதை மூச்சுப் பரிசோதனை மூலமோ மலப் பரிசோதனை மூலமோ அறியலாம். ஒமெப்பிரசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரங்களுக்கு முன்னரும் நுண்ணுயிர்க்கொல்லிகளை நான்கு வாரங்களுக்கு முன்னரும் நிறுத்தியிருக்காவிடின், கிருமி இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும். ஆகவே பாமசியில் தாமாக வாங்கி விழுங்கிய மாத்திரைகளையும் வீட்டில் குடித்த கசாயங்களையும் மறைக்காமல் வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவித்து, எதை எப்போது நிறுத்துவது என்று கேட்டறிந்த பின்னரே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.