பிடித்துக்கொண்டு போனார்களாம்! எங்கே வைத்திருக்கிறார்கள்?

இரவு மணி பதினொன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாவது ஷிப்டு முடிந்துவிட்டது. உருக்காலையில் வேலை பார்க்கும் கணவன் இன்னும் வீடு வரவில்லை. சோறு ஆறிப் போகிறது. போன் செய்தால் "சுவிட்ச் ஆப்" என்று சொல்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் மூச்சு வாங்க ஓடி வருகிறான்.

"அக்கா! மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்!"

எந்த ஜீப்? எந்த ஊர்ப் போலீஸ்? பையனுக்குத் தெரியவில்லை.

இது கற்பனைதான். ஆனால் இப்படி ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரலாம். வந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஒருவரைப் போலீசார் கைது செய்தால், அவர் போகிற இடமெல்லாம் காகிதத்தில் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் காகிதங்கள் எவை என்று தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கடிதம் செய்த வேலை

இந்தச் சட்டம் எப்படி வந்தது, தெரியுமா?

1994 ஜனவரி 7-ந் தேதி, உத்தரப்பிரதேசத்தில் காசியாபாத் போலீசார் ஒரு விசாரணைக்காக ஓர் இளம் வக்கீலை அழைத்தார்கள். போனவர் திரும்பவில்லை. "எங்கே அவர்?" என்று வீட்டார் அலைந்தார்கள். சரியான பதில் இல்லை. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜோகிந்தர் குமார் வழக்கு என்று அதற்குப் பெயர். வக்கீலுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் பாடு என்ன? "பிடித்த ஆளைப் பற்றி அவருடைய வீட்டாருக்குச் சொல்லியாக வேண்டும்" என்று அதே ஆண்டு கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

இன்னொரு வழக்கு அதற்கு முன்பே காத்துக் கிடந்தது. போலீஸ் காவலில் ஆட்கள் சாகிறார்கள் என்று பத்திரிகைகளில் வந்த செய்திகளை எடுத்துக்காட்டி, மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிச் சங்கத் தலைவராக இருந்த டி.கே. பாசு, 1986 ஆகஸ்டு 26-ந் தேதி தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெறும் கடிதம்! அதையே வழக்காக எடுத்துக்கொண்டது சுப்ரீம் கோர்ட்டு. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது போலீசார் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று 11 கட்டளைகள் அதில் இருந்தன. இன்றைய சட்டத்துக்கு அதுவே அடிப்படை.

2024 ஜூலை 1-ந் தேதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், "பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா" வந்தது. வாயில் நுழையாத பெயர்தான். உள்ளே இருக்கும் விஷயம் நமக்கு வேண்டியது.

முதல் காகிதம்

கைது செய்த உடனே போலீசார் ஒரு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். வக்கீல்கள் "அரெஸ்ட் மெமோ" என்பார்கள். அதில் வீட்டார் ஒருவரோ, அந்த வட்டாரத்து மதிப்பான மனிதர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். கைது செய்த செய்தியையும், வைத்திருக்கும் இடத்தையும் உடனே உறவினருக்கோ, நண்பருக்கோ, அவர் சொல்லும் வேறு ஒருவருக்கோ தெரிவிக்க வேண்டும். யாருக்குத் தெரிவித்தார்கள் என்பதை நிலையத்துப் புத்தகத்திலும் எழுத வேண்டும்.

சிப்காட்டில் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் பலர். குடும்பம் எங்கோ இருக்கும். அவர்கள் அறைத் தோழன் பெயரைச் சொல்லலாம். ஆனால் கையில் இருக்கும் போனை வாங்கி வைத்துவிட்டால் நம்பர் எப்படி ஞாபகம் வரும்? ஒரு நம்பரையாவது மனப்பாடம் செய்து வைப்பது நல்லது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லலாம்.

ஏன் கைது செய்கிறோம் என்பதை, அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பெயர்ப் பலகை எங்கே?

ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும், மாவட்டத் தலைமையிடத்திலும், கைதானவர்களின் பெயர், விலாசம், என்ன குற்றம் என்ற விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். இது 37-வது பிரிவு. இதற்கென்று நிலையத்துக்கு ஓர் அதிகாரி உண்டு. "இங்கே அந்த அதிகாரி யார்?" என்று மரியாதையாகவே கேளுங்கள்.

எந்த நிலையம் என்பதில்தான் சிக்கல். கும்மிடிப்பூண்டி வட்டாரம் திருவள்ளூர் மாவட்டப் போலீசைச் சேர்ந்தது. ஆனால் அதே மாவட்டத்துச் செங்குன்றம், 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரப் போலீஸ்! ஆக, ஓர் இடத்தில் "இல்லை" என்றால் தேடல் முடிந்துவிடவில்லை.

திருவள்ளூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், அது லேசான பயணம் அல்ல. கும்மிடிப்பூண்டி கூடூர் ரயில் பாதையில் இருக்கிறது. திருவள்ளூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. ரயிலில் போகிறவர் சென்னைக்கு வந்து வண்டி மாற வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முதலில் 112-க்கு போன் செய்து மாவட்டக் கண்ட்ரோல் ரூமில் விசாரியுங்கள்.

"சும்மா விசாரணைக்குத்தான்"

பலருக்கும் கிடைக்கும் பதில் இது. "கைது செய்யவில்லை, விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம்." கைது இல்லை என்றால் பலகையில் பெயர் வராது. குறிப்பும் இராது. ஆபத்து இந்த இடத்தில்தான்.

விசாரணைக்கு என்றால் எழுத்து மூலம் நோட்டீசு கேளுங்கள். கைது செய்யாத ஆளை நிலையத்தில் பிடித்து வைக்க அதிகாரம் இல்லை. பெண்களையும், பதினைந்து வயது நிரம்பாத பையன்களையும், அறுபது வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லவே கூடாது. வீட்டுக்குத்தான் வந்து விசாரிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் வக்கீல்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஆளைப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டதும், மாஜிஸ்திரேட்டுக்கும் மேலதிகாரிக்கும் தந்தி அடித்துவிடுவார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று தந்தியிலேயே விழுந்துவிடும். "நேற்றுத்தான் பிடித்தோம்" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. இப்போது மாவட்ட எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் இ-மெயிலோ, ஸ்பீடு போஸ்டோ அனுப்பலாம். ஆளைக் காணவில்லை என்று நிலையத்தில் மனுக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். எதற்கும் பதில் இல்லையா? ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு இருக்கிறது.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூன் 19-ந் தேதி இரவு பிடிக்கப்பட்ட வியாபாரி ஜெயராஜும், மகன் பென்னிக்சும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ந் தேதி மகன் இறந்தார். 23-ந் தேதி தந்தை இறந்தார். எல்லாம் நான்கு நாளில்!

எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அது வேறொரு வழக்கில்.

இருபத்து நான்கு மணி நேரம்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாஜிஸ்திரேட்டு வீட்டுக்கே கொண்டு போவார்கள். அங்கே வக்கீல் ஒருவர் இருந்தால் நல்லது. வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருப்பவர், பெண்கள், ஆலைத் தொழிலாளி எல்லோருக்கும் 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. போன் எண் 15100. தொழிலாளிக்கு இந்த உரிமை தனியாக எழுதப்பட்டிருக்கிறது என்பது தொழிலாளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வழக்குப் போட்டால் முதல் தகவல் அறிக்கை இருக்கும். அதை 24 மணி நேரத்தில் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2016-ல் தீர்ப்பு. பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்ற வழக்குகளைப் போட மாட்டார்கள். அறிக்கையில் உள்ள குற்ற எண்ணைக் குறித்துக்கொண்டால், "ஈ-கோர்ட்ஸ்" தளத்தில் வழக்கு எங்கே இருக்கிறது என்று பிற்பாடு பார்க்கலாம். பக்கத்து வீட்டில் படிக்கிற பெண் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

அமெரிக்காவில் பல ஊர்களில் ஜெயிலுக்கு வந்தவர்களின் பெயரையும் முகத்தையும் தினமும் ஊரறிய வெளியிடுகிறார்கள். அந்தப் படங்களைத் தனியார் எடுத்துப் போட்டு, "நீக்க வேண்டுமா? பணம் கொடு" என்று கேட்டதும் உண்டு! அதைத் தடுக்கச் சில மாநிலங்கள் சட்டம் போட வேண்டியதாயிற்று. நம் ஊர்ப் பலகை, வீட்டார் தேடிக் கண்டுபிடிப்பதற்காக. ஊர் கூடி வம்பு பேசுவதற்கு அல்ல. கைதானவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்பு எழுதவில்லையே!

புழல் வாசலில்

மாஜிஸ்திரேட்டு காவலில் வைக்கச் சொன்னால் ஜெயில். அவர் கையெழுத்திட்ட வாரண்டு இல்லாமல் ஜெயிலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். சேர்க்கும்போது பெயர், விலாசம், அங்க அடையாளம் எல்லாம் பதிவாகும். டாக்டர் பார்ப்பார். உடம்பில் காயம் இருந்தால் அப்போதே எழுத வேண்டும்.

இந்தப் பக்கத்துக்குப் பெரிய ஜெயில் புழல். சென்னை சென்ட்ரலுக்கு அருகே இருந்த பழைய ஜெயிலுக்குப் பதிலாக 2006-ல் வந்தது. தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. போகும் முன் எது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைதியைப் பார்க்க மனுப் போட வேண்டும். "மனுப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றே பேச்சு வழக்கு. உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். கைதியின் பெயரோடு தகப்பனார் பெயரையும், நிலையத்தையும், குற்ற எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் பல பேர் உள்ளே இருப்பார்கள். வடநாட்டுக்காரர் பெயர் என்றால் நிலையத்தில் ஒரு மாதிரியும், ஜெயிலில் ஒரு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். எழுத்து மாறினால் "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வரும். அப்போது குற்ற எண்ணைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.