நிழலில் விளைந்த காபியும் ஞாயிறு ஆராதனையும்

காபிச் செடியின் மொட்டு மழைக்காகக் காத்திருக்கும். மழையில்லாத மாதங்களில் அது வளராமல் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து, வாடிய மொட்டுக்குள் திடீரென்று நீர் ஏறியதும் விழித்துக்கொள்ளும். பத்து நாள் போனால் தோட்டம் முழுவதும் ஒன்றாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். மழை தூறலோடு நின்றுவிட்டால் அந்த வருட விளைச்சல் அடிபடும்.

தமிழ்நாட்டில் இது நடப்பது ஏற்காட்டில், நீலகிரியில், பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆராதனையோ திருப்பலியோ முடிந்து, வாசலில் நின்று பேசிக்கொண்டே குடிக்கும் காபிக்குப் பின்னாலும் இப்படி ஒரு மலை உண்டு. டிகாஷன் தண்ணியாக இருந்தால் உடனே கேட்டுவிடுகிறோம். தூள் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்கிறோமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அரபிக்கா காபியின் பிறப்பிடம் எத்தியோப்பியாவின் காடு. பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த செடி அது. நிழலை வெட்டிவிட்டால் முதலில் காய் கூடும், அதனால் ஆசை வரும். ஆனால் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டுக்கும் வெயில்தான் பிடிக்கும். வெயில் பட்டுச் சூடான தண்டைத் தேடித்தான் அது முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போன செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. ஆக, நிழல் என்பது காசு கொடுத்து வாங்காத பூச்சி மருந்து. நிழலுக்கு முள்முருங்கை வைத்தால் இன்னும் லாபம்: அதன் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கித் தரும்.

இன்னொரு எதிரி காய்த்துளைப்பான் வண்டு. இந்தியாவில் இது முதலில் தென்பட்டது 1990-இல், நீலகிரியின் கூடலூரில். கோஸ்டாரிகாவில் ஆய்வாளர்கள் செடிகளை வலையால் மூடிப் பறவைகளை வரவிடாமல் செய்து பார்த்தார்கள். வலைக்குள் காய்த்துளைப்பானின் தாக்குதல் ஏறத்தாழ இரட்டிப்பானது. மரம் இருந்தால் பறவை வரும், பறவை வந்தால் வண்டு குறையும். ஆனால் எல்லா நிழலும் ஒன்றல்ல. பல மலைத் தோட்டங்களில் நாட்டு மரங்களின் இடத்தைச் சில்வர் ஓக் பிடித்துக்கொண்டது. மிளகுக் கொடி ஏற வசதி, மரத்தை விற்கவும் எளிது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரே மரத்தை வரிசையாக நட்டுவைத்துக் காடு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். பழத்தின் தோலை உரித்து, கொட்டையைச் சுற்றிய வழவழப்பைப் புளிக்கவைத்துக் கழுவுவார்கள். அந்தக் கழுநீர் முழுக்கச் சர்க்கரை. அப்படியே ஓடையில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும்.

விவசாயிக்குக் கிடைக்கும் விலை விஷயத்தில் திருச்சபைக்குப் பழைய உறவு உண்டு. மெக்சிகோவின் வஹாகா மலையில் காபி விவசாயிகளோடு வாழ்ந்த டச்சுக் குருவானவர் பிரான்ஸ் வான் டெர் ஹோஃப், நெதர்லாந்தில் திருச்சபைகளின் உதவி அமைப்பாக இருந்த சாலிடாரிடாட்டைச் சேர்ந்த நிகோ ரோசனுடன் சேர்ந்து விவசாயிக்கு நியாயமான விலை தருவதற்கான 'மாக்ஸ் ஹாவெலார்' முத்திரையை 1988-இல் தொடங்கினார். இன்றைய ஃபேர்டிரேட் முத்திரைக்கு அதுதான் முன்னோடி. 1996-இல் அமெரிக்காவின் லூத்தரன் உலக நிவாரண அமைப்பு, ஈக்குவல் எக்ஸ்சேஞ்ச் கூட்டுறவோடு சேர்ந்து சபைகளுக்கே இந்தக் காபியைக் கொண்டுபோனது. ஆராதனைக்குப் பின் குடிக்கும் காபி சிறு விவசாயியின் விற்பனைச் சந்தையானது அப்படித்தான்.

நம் பக்கத்துக் கதை அவ்வளவு இனிப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காபித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் படகில் கடலைக் கடந்து, மன்னார் வழியே நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1850-களில் அவர்களுக்காகத் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் தோட்ட முதலாளிகளும் உண்டு. ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, கூலியைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் போதவில்லை. 1869-இல் இலைத்துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காபி அழிந்து தேயிலை வந்தது. முதலாளிக்குப் பயிர் மாறியது, கூலிக்கு வரிசை வீடான லயம் மாறவில்லை.

சரி, இன்று ஃபேர்டிரேட் முத்திரை இருந்தால் போதுமா? கழுவிப் பதப்படுத்திய அரபிக்காவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர் என்பது 2023-இல் ஃபேர்டிரேட் வைத்த குறைந்தபட்ச விலை. அதற்கு மேல் 20 சென்ட் சமூக நிதி. 2025 தொடக்கத்தில் சந்தை விலையே 4 டாலரைத் தாண்டியபோது இந்தக் குறைந்தபட்சத்துக்கு வேலையே இல்லாமல் போனது. விலை விழும்போதுதான் அது காப்பு. சான்றிதழ் வாங்கவும் செலவாகும். இந்தியாவின் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். பலா, ஆரஞ்சு, மலைவாழையோடு சேர்த்துக் காபி வளர்க்கும் தாண்டிக்குடிக்காரர் முத்திரை இல்லாமலே நல்ல காபி தரலாம். என்னைக் கேட்டால், முத்திரையை விட ஊர் பெயர் தெரிவது மேல்.

அதனால் சபைக் கமிட்டிக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கோ பங்குத் திருவிழாவுக்கோ மொத்தமாகத் தூள் வாங்கும்போது எந்த மலை, எந்த மர நிழல், யாரிடமிருந்து என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிக்கரி எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். சட்டப்படி 49 வரை போகலாம், உறையில் போட்டாக வேண்டும்; பாதி சிக்கரி என்றால் மலை விவசாயிக்குப் போவதும் பாதிதான். ஊற்றிக் கொடுக்க எவர்சில்வர் டம்ளரை எடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.