மலையின் சாமை இலைக்கு வரட்டும்

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையைச் சுற்றி வருகின்றனர். வழியெங்கும் அன்னதானம் நடைபெறுகிறது. தொன்னையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பார் சாதம், தயிர் சாதம், வெண்பொங்கல். அத்தனையும் அரிசி. இதே மாவட்டத்தில், போளூர் வழியாக இரண்டு மணி நேரப் பயணத்தில் சென்றடையக்கூடிய ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விளைகிறது. அது கோயில் நகரின் இலைக்கு வந்து சேர்வது அரிது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையை மானாவாரியாகப் பயிரிடுகின்றனர். பாசனம் இல்லாத சரிவு நிலத்திலும் ஏறத்தாழ மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர் இது. ரசாயன உரத்தையோ, பூச்சிக்கொல்லியையோ பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. கொல்லையிலேயே பலாவும் புளியும் நிற்கும். வேளாண்மையும் வனமும் ஒன்றையொன்று விரட்டாமல் வாழும் ஏற்பாடு இது. செய்யாறு பிறப்பதும் இம்மலையில்தான். மலையின் மண்ணும் மரமும் நிலைத்திருந்தால்தான் சமவெளிக்கு நீர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் சாமையின் பரப்பு சுருங்கியது ஏன்? மக்களின் நாக்கு மாறிவிட்டது என்பது எளிதான விடை. பொருளியல் நோக்கில் அது பாதி உண்மையே. மீதிப் பாதி, விலையில் இருக்கிறது.

முதலாவது, நியாயவிலைக் கடை. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. மலைக் கிராமங்களில் பசியைப் போக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதைக் குறை கூறுவது நன்றியின்மை. ஆனால், விலையில்லாத அரிசியோடு விலையுள்ள சாமை எப்படிப் போட்டியிடும்?

இரண்டாவது, ஆதரவு விலை. 2025-26 பருவத்தில் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு ரூ.4,886 என மத்திய அரசு நிர்ணயித்தது. சோளம், கம்பு ஆகியவற்றுக்கும் ஆதரவு விலை உண்டு. சாமை, தினை, வரகு போன்றவை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அறுவடை நேரத்தில் வியாபாரி சொல்வதே விலை.

மூன்றாவது, உமி. சாமை மணி மிகச் சிறியது. உமியோ இறுகப் பிடித்திருப்பது. முற்காலத்தில் பெண்கள் உரலில் குத்தி அரிசியாக்கினர். அந்த உழைப்பை இன்று யாரிடமும் எதிர்பார்ப்பது நியாயமன்று. அருகில் இயந்திரம் இல்லாதபோது உமியோடு விற்றுவிடுகின்றனர். அதே தானியம் சமவெளி ஆலையில் அரிசியாகி, நகரத்து அங்காடியில் ஆரோக்கிய உணவாகப் பன்மடங்கு விலைக்கு விற்பனையாகிறது. விளைவித்தவருக்குக் கிடைப்பது அதில் சிறு பகுதியே.

இந்த இழப்பு வருமானக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். சொந்த நிலம் சோறு போடாதபோது, இடைத்தரகர் காட்டும் முன்பணம் எவ்வளவு ஆபத்தான வேலைக்கும் இழுத்துச் செல்லும். சாமைக்கு நல்ல விலை என்பது இம்மக்களுக்கு ஊரிலேயே வாழும் உரிமை.

கொல்லிமலை நமக்கு ஒரு பாடம். சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் அங்கு மரவள்ளி பரவி, சிறுதானியக் கொல்லைகளை விழுங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு விதைகளைக் காப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்று, மகளிர் குழுக்கள் வழி விற்பனைக்கும் வகை செய்தது. பணப்பயிரின் வேகத்தை அதனால் முழுவதும் தடுக்க முடியவில்லை. தொண்டு நிறுவனத்தின் முயற்சி மட்டும் போதாது. நிலையான கொள்முதலும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஒடிஸா அந்த வழியில் சென்றது. 2017-இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தின் மூலம் பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்து, பொது விநியோகத்திலும் சேர்த்தது. தமிழகமும் 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அந்த வழி சாமைக்கும் திறக்கப்பட வேண்டும்.

திருவண்ணாமலைக்கு இதில் தனி வாய்ப்பு உண்டு. அண்ணாமலையார் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கப்படுகிறது. அதில் வாரத்தில் ஒரு நாள் சாமைப் பொங்கல் இடம்பெறட்டும். மாவட்டப் பள்ளிகளின் காலை உணவிலும் விடுதிகளிலும் ஒரு வேளை சாமை உப்புமா ஆகட்டும். கிரிவல நாளில் அன்னதானம் செய்வோரும் ஒரு பாத்திரத்தைச் சாமைக்கு ஒதுக்கலாம். மலையில் பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. விதைப்புக்கு முன்பே விலை பேசி, அதனிடமே நேரடியாக வாங்கலாம்.

சாமை அரிசியின் விலை அதிகமாயிற்றே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஒரு வேளையில் தொடங்கச் சொல்கிறோம். மலை முழுவதும் விளைந்தாலும் நகரின் தேவை முழுவதையும் அது நிறைவேற்றாது. தேவை திடீரென உயர்ந்தால் வெளிமாநிலச் சாமை ஜவ்வாதின் பெயரில் வந்து இறங்கும். மலைவாழ் குடும்பங்களும் தம் தட்டில் உள்ளதை விற்றுவிடும். ஆகவே அளவு சிறிதாக, ஒப்பந்தம் உறுதியாக, அரவை மலையிலேயே நடக்க வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006 அளிக்கும் சிறு வன மகசூல் உரிமையும் முழுமையாக நடைமுறைக்கு வந்தால், புளியும் தேனும் கடுக்காயும் சாமைக்குத் துணை நிற்கும்.

2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது. கண்காட்சிகள் நடந்தன, சமையல் போட்டிகள் நடந்தன. ஆண்டு முடிந்தது. உழவருக்குத் தேவை விழா அல்ல. அடுத்த அறுவடையையும் இதே விலைக்கு வாங்குவோம் என்ற உறுதிமொழி. அதை அளிக்கும் வலிமை ஒரு கோயில் நகரின் அடுப்புக்கு உண்டு.